இடது பக்கத்தின் மனநிறைவு

இரண்டாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி ஐந்தாம் நடைமேடைக்கு வரப்போகிறது என்று சொல்லத்தான் அறிவிப்பாளர் அன்று காலை மைக்கைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கம்போல் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். "பயணிகள்…" என்று வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ "குளுக்" என்றது. ரயில் நிலையத்தின் அத்தனை ஒலிபெருக்கிகளும் சேர்ந்து குளுக் என்றன. பெட்டியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் தன்மேல்தான் பழி வரும் என்று பயந்து குழாயை மூடினார்.

அறையில் வேறு யாரும் இல்லை. மேசைமேல் தண்ணீர் பாட்டிலும் இல்லை. அறிவிப்பாளர் மறுபடி மூச்சை இழுத்தார். மறுபடி குளுக். அப்போதுதான் குனிந்து பார்த்தார். சத்தம் வந்தது அவருடைய இடது மார்பிலிருந்து.

விஷயத்தை மூடி மறைக்க ஒன்றுமில்லை. அறிவிப்பாளர் பல வருஷங்களுக்கு முன்பே இரண்டு மார்பிலும் சிலிக்கான் பை வைத்துக்கொண்டவர். எதற்காக வைத்துக்கொண்டார் என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைக்கட்டும், தலைமுடிக்குப் போட்ட சாயத்தைக் கழுவிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம். அந்தப் பழைய பைகள் வெகுகாலம் சமர்த்தாக உழைத்தன. பிறகு ஒன்று உள்ளே கிழிந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததால், ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டார். வலது பக்கம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இடது பக்கத்துக்குத்தான் கீழ்வீடு பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாடி ஏறிக் கழுத்தெலும்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. போன இடத்தில் குப்புறப் படுத்தும்கொண்டது. சுற்றிலும் நீர் கோத்து, வீங்கி, தொட்டால் சுட்டது. வலி வேறு. மூச்சு இழுத்தால் குளுக்.

ரயில் நிலையத்தில் அதற்குள் விஷயம் வளர்ந்துவிட்டது. தினமும் வந்துபோகும் பயணிகள் குளுக்குக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு குளுக் என்றால் வண்டி தாமதம், இரண்டு குளுக் என்றால் நடைமேடை மாற்றம் என்று தங்களுக்குள் முடிவு செய்து, அறிவிப்பைக் கேட்காமலேயே பெட்டியோடு ஓட ஆரம்பித்தார்கள். அவர்கள் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருந்ததுதான் கொடுமை.

நிலைய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "மேடம், நான் ஒண்ணும் கேக்கலை. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியவும் வேணாம். ஆனா மேலிடத்துல பதிவு பண்ண குரலைப் போட்டுடலாம்னு பேச்சு நடக்குது. சீக்கிரம் சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா உங்களைத் தொலைஞ்ச சாமான் அறைக்கு மாத்திடுவாங்க. அங்க குடைங்க மட்டும்தான் இருக்கும். எவ்வளவு வேணும்னாலும் சத்தம் போட்டுக்கலாம்."

அந்த மைக்தான் அவர் வாழ்க்கையில் அவர் பேச்சை எல்லோரும் நின்று கேட்கும் ஒரே இடம். வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். யார் வண்டி ஓட்டினாலும் அவள் கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் அண்ணன் சோற்றை வேகமாகச் சாப்பிட்டால்கூட மிதிப்பாள்.

"நேரா போறோம் அண்ணி. டாக்டரைப் பாக்கறோம். காட்டறோம். சரி பண்ணச் சொல்றோம். எங்கயும் திரும்பல," என்றாள்.

ஆஸ்பத்திரி முன்கூடத்தில் நுழைந்தவுடன் கண்ணில் படுவது ஒரு பூஜ்யம். பித்தளையில் வார்த்து, ஆள் உயரத்துக்குச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மேலே, 'இதுவரை ஏற்பட்ட சிக்கல்கள்' என்று எழுதியிருந்தது. அந்தப் பூஜ்யத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பதற்கென்றே ஒரு சம்பள ஆள் உண்டு. பூஜ்யத்துக்கு நேர் எதிரே பட்டுக்கயிறு கட்டிய ஒரு மணி தொங்கியது. மனநிறைவு மணி என்று பெயர். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கயிற்றை இழுத்து அதை அடிக்க வேண்டும். அடித்தால் டாக்டர், நர்ஸ், காவலாளி எல்லோரும் இருந்த இடத்தில் நின்று கைதட்டுவார்கள். அந்த நொடியிலிருந்து அவர் நிறைவு பெற்றவர்.

அறிவிப்பாளரும் அடித்திருந்தார். ஆனால் மனநிறைவோடு அடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் அன்று மயக்கம் சரியாகத் தெளியாமல் தள்ளாடிக்கொண்டு வந்தவர், விழப்போன நேரத்தில் கண்ணெதிரே ஏதோ தொங்குவதைப் பார்த்தார். ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி என்று நினைத்து எட்டிப் பிடித்தார். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகவே போயிற்று. மணி கணீரென்று அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது என்று நினைத்து அவர் இறங்கிப் போய்விட்டார்.

மனநிறைவு அதிகாரி என்று ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். நடுவயசு. சிரித்த முகம். அந்தச் சிரிப்பைத் தூங்கும்போதாவது கழற்றி வைப்பாரா என்று அறிவிப்பாளருக்குச் சந்தேகம் வந்தது.

"நீங்க மணி அடிச்சிருக்கீங்களே மேடம்."

"தெரியாம இழுத்துட்டேன் சார். ரயில் கைப்பிடின்னு நெனச்சு…"

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணத்துக்கு அடிக்கறாங்க. காரணத்தை நாங்க கேக்கறதில்ல. சத்தத்தை மட்டும்தான் கேக்கறோம்."

"வலிக்குதுங்க."

"மணி அடிச்சதுக்கப்புறம் வலி வராது மேடம். வந்தா அதுக்குப் பேரு வலி இல்ல. தொடர் அனுபவம்."

"வீங்கியிருக்கு சார். சுடுது."

"செழிப்பு."

"சத்தம் வருதுங்க!"

அதிகாரி முகம் மலர்ந்தது. "அப்படியா? எங்க, ஒரு தடவை கேப்போம்?"

அறிவிப்பாளர் மூச்சை இழுத்தார். குளுக் என்றது. அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். "அருமை. ஆபரேஷனுக்கு முன்னாடி இதை நாங்க உங்களுக்குச் சொல்லவே இல்லையே. கூடுதல் வசதின்னு வெச்சுக்குங்க."

நாத்தனார் கால் தரையை ஓங்கி மிதித்தது. "சார், கதை வேணாம். டாக்டரைப் பாக்கணும்."

"நிறைவு பெற்றவங்களை டாக்டர் பாக்கறதில்லம்மா. பாத்தா அவருக்கு வேலையே இல்லாத மாதிரி ஆயிடும். மனசு சோர்ந்து போயிடுவாரு."

"அப்ப நிறைவு இல்லாதவங்களைப் பாப்பாரா?"

"கண்டிப்பா பாப்பாரு. ஆனா அப்படி யாரும் இங்க இல்லையே," என்று சொல்லி அதிகாரி பூஜ்யத்தைக் காட்டினார். துடைக்கிற ஆள் அப்போதுதான் அதன் உள்பக்கத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தார்.

இவர்களை நிறைவறை என்ற அறையில் உட்காரவைத்தார்கள். மெத்தென்ற சோபாக்கள். மெல்லிய இசை. நிறைவு பெற்றவர்கள் ஏற்கெனவே கணிசமான பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கைத் திருத்திக்கொண்ட ஒரு அம்மாள் மூச்சு விடும்போதெல்லாம் விசில் அடித்தாள். எதிரே இருந்த காவல்துறைக்காரர் ஒவ்வொரு விசிலுக்கும் திரும்பிப் பார்த்தார். கண் இமையைத் திருத்திக்கொண்ட பெரியவர் ஒருவர் அறிவிப்பாளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கடப்பட்டுப்போய் அறிவிப்பாளர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றாள் விசில் அம்மாள், ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில். "அவரு தூங்கறாரு."

வெகுநேரம் கழித்து அதிகாரி வந்து இருவரையும் முன்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கதவளவு படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எடுத்தவை. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே. முகம் கிடையாது. அதிகாரி ஒன்றின்முன் நின்றார்.

"இதுதான் நீங்க."

அறிவிப்பாளருக்குக் காது மடல்வரை சிவந்தது. துடைக்கிற ஆள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

"இதுல இடது பக்கத்தைப் பாருங்க. சரியா இருக்கா?"

"இதுல சரியாத்தான் இருக்கு."

"அப்ப எங்க வேலை சரியா இருக்கு. படத்துல இருந்து நீங்கதான் விலகிப் போயிருக்கீங்க. இதுல எப்படி இருக்கீங்க? படுத்திருக்கீங்க. இப்ப எப்படி இருக்கீங்க? நிக்கறீங்க. யார் நிக்கச் சொன்னது?"

"மனுஷின்னா நிக்க மாட்டாங்களா சார்?" என்றாள் நாத்தனார்.

"நிக்கறது அவங்கவங்க விருப்பம்மா. அதுக்கு ஆஸ்பத்திரி பொறுப்பாக முடியாது."

அறிவிப்பாளர் நல்ல மனுஷி. யார் எதைச் சொன்னாலும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவார். மறுநாள் அறிவிப்பு அறையில் பெஞ்சை இழுத்துப் போட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு, மைக்கை வாய்க்கு மேலே தொங்கவிட்டு வேலை பார்த்தார். குளுக் நின்றது உண்மைதான். ஆனால் படுத்துக்கொண்டு பேசியதில் குரல் கனிந்து, குழைந்து, தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. மத்தியான வண்டிக்குக் காத்திருந்தவர்கள் பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கிப்போனார்கள். வண்டி வந்து, நின்று, யாரும் ஏறாததைப் பார்த்துத் திகைத்து, போய்விட்டது. நிலைய அதிகாரி தொலைந்த சாமான் அறையின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை வலி அதிகமாகிவிட்டது. அறிவிப்பாளர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்தத் தடவை கெஞ்சவில்லை. "நான் அடிச்ச மணியைத் திருப்பி எடுத்துக்கறேன்," என்று ஒரே போடாகப் போட்டார்.

அதிகாரி முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதன் பின்னால் இருந்த ஆள் கொஞ்சம் ஆடிப்போனார். அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை. அடித்த மணியைத் திரும்பப் பெற விதி இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. கூடாது என்றும் விதி இல்லை. ஆகவே ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் ஒருவர், மணியின் நாக்கைக் கட்டிவிட்டு இழுத்தால் அடிக்காமல் இருக்கும், அது திரும்பப் பெற்றதுக்குச் சமம் என்றார். இன்னொருவர், அது மௌனமே தவிர மறுப்பு ஆகாது என்று சண்டைக்கு வந்தார். கடைசியில், மணியோசையைப் பதிவு செய்து பின்னாலிருந்து முன்னாக ஓடவிடுவது என்று முடிவாயிற்று. அன்றைக்கு யார் யார் கைதட்டினார்களோ அவர்கள் எல்லோரும் வந்து, சேர்த்து வைத்த கைகளைப் பிரிக்க வேண்டும்.

சடங்கு நடந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், காவலாளி, சமையல்கட்டு ஆட்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் ஒட்டவைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒலிபெருக்கியில், யாரோ பெரிய மூச்சை உறிஞ்சி விழுங்குவது மாதிரி ஒரு சத்தம் பின்னோக்கி ஓடியது. எல்லோரும் சட்டென்று கைகளைப் பிரித்தார்கள். ஒரு நர்ஸ் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டாள். முதலிலிருந்து மறுபடி செய்தார்கள். அறிவிப்பாளர் நடுவில் நின்று பின்பக்கமாக இரண்டு அடி நடந்தார்.

"வாழ்த்துகள் மேடம்," என்றார் அதிகாரி. "இப்ப நீங்க நிறைவு பெறாதவங்க. நீங்க கேட்டது கிடைச்சிருச்சு இல்லையா?"

"கிடைச்சிருச்சு சார். ரொம்ப நன்றி. டாக்டர் எங்க இருக்காரு?"

"குறை தீர்ந்ததுல திருப்திதானே?"

"திருப்திதான்."

"அப்ப விதிப்படி மணி அடிச்சிடுங்க."

அறிவிப்பாளர் விழித்தார். கயிறு எதிரே தொங்கியது. எல்லோரும் கையை அகல விரித்தபடியே, தட்டத் தயாராக, ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்றும் உதவவில்லை. திருப்தி என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்ட சாட்சிகள் இருந்தார்கள். அவர் சார்பில் காவலாளி இழுத்தார். மணி அடித்தது. எல்லோரும் தட்டினார்கள். இப்போது அவர் இரண்டு தடவை நிறைவு பெற்றவர். ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே அவரைவிடத் திருப்தியான ஆள் கிடையாது.

நிறைவறைக்குத் திரும்பி வந்து சோபாவில் விழுந்து, அறிவிப்பாளர் குலுங்கிக் குலுங்கி அழுதார். விம்மலுக்கு விம்மல் குளுக், குளுக் என்றது. அது கேட்டு அழுகை இன்னும் அதிகமாயிற்று.

"ஒருத்தர்கூடப் பாக்கலைடீ," என்றார் நாத்தனாரிடம். "வலிக்குதுன்னு சொல்றேன். படத்தைப் பாக்கறாங்க, மணியைப் பாக்கறாங்க, சுவத்துல இருக்கற பூஜ்யத்தைப் பாக்கறாங்க. என்னை யாருமே பாக்கலை."

நாத்தனாருக்கும் கண் கலங்கியது. அண்ணன் கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணி இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்தாள்.

"அண்ணி, நாம தப்பான கியர்ல போய்ட்டிருக்கோம். பின்பக்கம் இன்னொரு வாசல் இருக்கு. மீட்புப் பிரிவுன்னு போர்டு. பிறர் கெடுத்ததை நாங்கள் சரிசெய்கிறோம்னு எழுதியிருக்கு. செவப்புக் கம்பளம் எல்லாம் விரிச்சு வெச்சிருக்காங்க. வாங்க."

"நமக்குப் பண்ணதே இவங்கதானே?"

"அதை ஏன் சொல்றீங்க? வேற ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. பேரு கேட்டா மயக்கத்துல இருந்தேன், ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. அது பொய்யும் இல்ல."

பின்வாசலில் கிடைத்த வரவேற்பைப் பார்த்து அறிவிப்பாளருக்குத் தலை சுற்றியது. உட்காரச் சொன்னார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். ஐயோ பாவம் என்றார்கள். பழைய விவரங்களைத் தேடும் பேச்சே எழவில்லை, நிறைவு பெற்றவர்களின் விவரங்களை முன்வாசலில் பூட்டி முத்திரை வைத்துவிடுவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரே வந்துவிட்டார், பின்னால் பயிற்சி டாக்டர்கள் கும்பலாக. அறிவிப்பாளருக்கு ஆபரேஷன் செய்தவர் சாட்சாத் இவர்தான். ஆனால் இவர் யார் முகத்தையும் பார்க்கும் வழக்கமில்லாதவர் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை.

டாக்டர் கையைச் சூடுபடத் தேய்த்துக்கொண்டு, இடது பக்கத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு கை அந்த வீக்கத்தின்மேல் பட்டது. அறிவிப்பாளருக்கு வலியையும் மீறி நிம்மதியில் கண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் முகம் சிவந்தது.

"எந்த மடையன் பண்ணது இது?" என்று கத்தினார். பயிற்சி டாக்டர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். "எல்லாரும் பாருங்க. இதைப் பண்ணது டாக்டரா, மரம் அறுக்கறவனா? ஒரு பை உக்கார எவ்வளவு இடம் வேணுமோ அதைப்போல ரெண்டு மடங்கு வெட்டி வெச்சிருக்கான். ஒத்தை ஆளுக்கு சினிமாக் கொட்டகையை வாடகைக்கு விட்ட மாதிரி. அது உள்ள ஓடி விளையாடாம என்ன பண்ணும்? தையலைப் பாருங்க! கடைசில ரெட்டை முடிச்சு. எங்கயோ அவசரமா கிளம்பின ஆளு போட்ட முடிச்சு இது."

பயிற்சி டாக்டர் ஒருத்திக்கு இருமல் வந்தது. ரெட்டை முடிச்சு போட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெரிய டாக்டர்தான்.

"ஏம்மா, வலிக்குதுன்னு திரும்பப் போய்ச் சொன்னீங்களா?"

"சொன்னேன் டாக்டர்."

"என்ன சொன்னாங்க?"

"தொடர் அனுபவம்னாங்க."

"வீக்கத்துக்கு?"

"செழிப்புன்னாங்க."

டாக்டர் நெற்றியில் அறைந்துகொண்டார். "செழிப்பாம்! இந்த மாதிரி ஆஸ்பத்திரியை எல்லாம் இழுத்து மூடணும். கதவுல சீல் வைக்கணும். அங்க இருக்கறவனுங்களுக்கு வீட்டுக்குப் போனா சோறு எப்படி எறங்குதுன்னு தெரியலை!"

அந்த நேரம் பார்த்து மனநிறைவு அதிகாரி ஏதோ கையெழுத்து வாங்க உள்ளே வந்தார். அறிவிப்பாளரைப் பார்த்தார். படத்தில் தினமும் பார்க்கிற ஆள் என்பதால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். முன்கூடத்துப் பித்தளைப் பூஜ்யம் அவர் மனக்கண்ணில் ஒரு ஆட்டம் ஆடியது. வாயை மூடிக்கொண்டு, "ரொம்பச் சரியாச் சொன்னீங்க டாக்டர்," என்று கைதட்டினார். பயிற்சி டாக்டர்களும் தட்டினார்கள்.

மறுநாளே ஆபரேஷன். கோத்திருந்த நீரை வடித்து, பையைக் கீழே இறக்கி, நிமிர்த்தி வைத்து, சுற்றி இருந்த இடத்தைச் சின்னதாக்கித் தைத்து, நீர் வடியச் சின்னக் குழாய் ஒன்றும் வைத்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், மனிதர் கெட்டிக்காரர்தான். பார்த்தால் சரி செய்துவிடுவார். அவரைப் பார்க்க வைப்பதுதான் பெரும்பாடு.

குழாயை எடுக்க வேண்டிய நாளும் வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது. இடது பக்கம் வலது பக்கத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே போவதற்கு முன், "வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடி கதவைத் திறக்காதீங்க அண்ணி. எதுவும் சொல்லாதீங்க, வந்துடுங்க," என்று நாத்தனார் எச்சரித்துவிட்டு, காரைக் கிளப்பத் தயாராக வைக்க ஓடினாள்.

டாக்டர் குழாயை எடுத்துக் கட்டுப் போட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். அதிகாரி பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லுங்கம்மா. அந்த டாக்டர் யாரு? பயப்படாதீங்க. அவனை நான் விடறதா இல்ல."

அறிவிப்பாளர் சொல்லக்கூடாது என்றுதான் வந்தார். ஆனால் செழிப்பும் கூடுதல் வசதியும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு நின்றன. மூச்சை நன்றாக இழுத்தார். சத்தமே வரவில்லை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டார்.

"நீங்கதான் டாக்டர்."

"நானா?"

"நீங்கதான். இங்கதான். அந்தத் தடவை முன்வாசல் வழியா வந்தேன்."

டாக்டர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "முன்வாசல்ல இதுவரைக்கும் சிக்கல் எத்தனை?"

"பூஜ்யம் டாக்டர்."

"அப்ப முன்வாசல் வழியா வந்த இவங்களுக்கு ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணுமே ஆகலை டாக்டர்."

"ஒண்ணுமே ஆகாதவங்களை நான் ஏன் வெட்டினேன்?"

டாக்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "காரணமே இல்லாம ஒரு பொம்பளை உடம்புல கத்தி வெச்சிருக்கேன். நல்லா இருந்ததைக் கெடுத்திருக்கேன். என் வாழ்க்கையில நான் பண்ண முதல் தப்பு இது." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா நான் தப்பை ஒத்துக்கற ஆளு. தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க. எல்லாத்தையும் முன்ன இருந்த மாதிரியே வெச்சுடறேன். மேல ஏத்தி, குப்புறத் திருப்பி… அந்தத் தண்ணி எவ்வளவு இருந்தது?"

"எடுத்து வெச்சிருக்கோம் டாக்டர்," என்றார் அதிகாரி.

அறிவிப்பாளர் இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தார்.

"டாக்டர், டாக்டர், இருங்க! இப்பதான் ஞாபகம் வருது. அது நீங்க இல்ல!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு மனுஷனோட நல்ல பேரு இதுல இருக்கு."

"யோசிச்சுட்டேன் டாக்டர். அவரு குள்ளம். உங்க தோளுக்குக்கூட வர மாட்டாரு. இவ்வளவு நல்ல மூக்கும் இல்ல."

டாக்டர் சந்தேகமாக மூக்கைத் தடவிக்கொண்டார். "நீங்க வலிக்குதுன்னு திரும்பப் போனப்ப, அவன் உங்களைப் பாத்தானா?"

"பாக்கலை டாக்டர்," என்றார் அறிவிப்பாளர். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, ஏனென்றால் அது மட்டும் பொய் இல்லை. "கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல."

டாக்டர் கண்களில் நீர் தளும்பியது. "பாக்காம எப்படிம்மா ஒருத்தன் வைத்தியம் பண்ணுவான்? அப்ப அது நானே இல்ல. நான்தான் உங்களைப் பாத்தேனே."

"பாத்தீங்க டாக்டர்."

"அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும். கம்பி எண்ண வெக்காம விடமாட்டேன்."

அறிவிப்பாளர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். திரும்பிப் பார்க்காமல் கம்பளத்தைத் தாண்டி, படி இறங்கி, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் நாத்தனார். அவருடைய முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாய் சும்மா இருக்கலை. சொல்லிட்டேன்."

"பெரிய டாக்டர் என்ன சொன்னாரு?"

"இதைப் பண்ண டாக்டரை ஜெயில்ல போடணுமாம். போடாம விடமாட்டாராம்."

நாத்தனார் கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை மெதுவாக ரோட்டுக்கு எடுத்தாள்.

"பரவாயில்லையே அண்ணி," என்றாள். "நியாயமான மனுஷன்தான்."